எஞ்சின் மாற்றிய கெப்புக்கு எந்த ஓட்டோ கியர்பெட்டி?

வெல்லாவெளியிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார்: “அண்ணன், பெட்டியைப் பிரித்துச் செய்வதா, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வேறொன்று எடுப்பதா? ஐந்து கியர் பெட்டி போட்டால் இன்னும் நல்லது என்கிறார்களே?” அவருக்கு முன்னர் அக்கரைப்பற்றிலிருந்து ஒருவரும் வாழைச்சேனையிலிருந்து ஒருவரும் ஏறத்தாழ இதையே கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை காய்வதைவிட எழுதிவிடுவது மேல்.

தம்பியின் வண்டி 1990களின் இறுதியில் வந்த ஹைலக்ஸ் டபுள் கெப். வரும்போது 3எல் டீசல் எஞ்சினும் மனுவல் கியரும் இருந்தன. எஞ்சின் களைத்தபோது, பிராடோ ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிய 1கேஇசட்-டிஇ என்ற டர்போ டீசல் எஞ்சினை அதன் ஓட்டோ பெட்டியோடு சேர்த்து இறக்கினார்கள். ஓட்டோ வேண்டும் என்றது வீட்டுத் தேவை. வயலுக்கு வண்டி எடுப்பவர் அப்பா. அவருடைய இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. கிளட்ச் மிதிக்க முடியாது. இப்போது அந்தப் பெட்டிதான் வழுக்குகிறது. நெல் மூடைகளோடு வயல் வீதியிலிருந்து தார் வீதிக்கு ஏறும் இடத்தில் எஞ்சின் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது.

புது வண்டி வாங்கினால் என்ன என்று கேட்பவர் இந்த நாட்டில் இருப்பவராக இருக்க மாட்டார். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் பழைய கெப்பைத் தடவிக்கொடுக்கத் தோன்றும். எனவே இருப்பதைத்தான் திருத்த வேண்டும்.

## முதலில் ஒரு மணி நேரம்: பெட்டி உண்மையில் செத்ததா?

எதை வாங்குவது என்ற பேச்சுக்கு முன் இது. எஞ்சின் மாற்றிய வண்டிகளில் “கியர்பெட்டி போய்விட்டது” என்று வரும் முறைப்பாடுகளில் கணிசமானவை வயரிங் கோளாறுகள். வாழைச்சேனைப் பக்கம் மீன் ஏற்றும் ஒரு கெப்புக்கு, ஒரு கராஜில் பெட்டியே முடிந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வண்டிக்காரர் முற்பணம் கட்டப் போகும் வழியில் என்னிடம் நிறுத்தினார். எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் வயரின் நுனியைத் தொட்டதும் பச்சைத் தூளாக உதிர்ந்தது. உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்து அரித்திருந்தன. வயரை மாற்றியதும் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது.

இதன் காரணம் தெரிந்திருப்பது நல்லது. டொயோட்டாவின் ஏ340 குடும்பப் பெட்டிகளில், தம்பியின் ஏ343எஃப் உட்பட, கியரை மாற்றுவது இரண்டு சொலனொயிட்டுகள், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒயில் வால்வுகள். அவற்றுக்கு மின்சாரம் போகாவிட்டால் பெட்டி செயலற்று நிற்பதில்லை. லீவர் டியில் (D) இருந்தால் நான்காவது கியரிலேயே புறப்படும். 2இல் மூன்றாவது, எல்லில் (L) முதலாவது. சுமையோடு நான்காவது கியரில் கிளம்பும் வண்டி எப்படி இருக்கும்? இரையும், நகராது. ஓட்டுபவருக்கு அது கிளட்ச் வழுக்குவதாகவே தெரியும்.

ஆகவே சொலனொயிட் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெறும் வண்டியை லீவரால் மட்டும் எல், 2, டி என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். மூன்று நிலையிலும் உறுதியாகப் பிடித்தால் பெட்டியின் உள்ளே பெரும்பாலும் நலம். தேட வேண்டியது வெளியே. எஞ்சினோடு வந்த வயரிங்கில் பரிசோதனை இணைப்பு தப்பியிருந்தால், அதில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு வயர்த்துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்புங்கள். ‘ஓ/டி ஓஃப்’ விளக்கு மினுங்கி எண் சொல்லும். 42, 61 வந்தால் வேக உணரி. 62, 63 கியர் சொலனொயிட்டுகள். 64 லொக்-அப் சொலனொயிட். அந்த விளக்கே வண்டியில் இல்லை என்றால் (மனுவல் வண்டியின் டாஷ்போர்டில் எப்படி இருக்கும்?) ஒரு சிறு பல்பைப் பொருத்திக்கொள்ளலாம்.

பிறகு பெட்டியின் அடித்தட்டைக் கழற்றுங்கள். உள்ளே காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றில் மை போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வயதின் அடையாளம், பயமில்லை. விரலில் தேய்க்கும்போது மினுங்கும் இரும்புச் செதில்கள் குத்தினால் பெயரிங்கோ கியரோ போயிருக்கிறது. ஒயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தாலோ, தட்டின் மூலையில் கறுப்புத் தூள் படிந்திருந்தாலோ கிளட்ச் தட்டுகள் போய்விட்டன. தம்பி இந்தச் சோதனையைச் செய்து படம் அனுப்பினார். செதில்கள் இருந்தன. சரி, இனித் தெரிவுக்கு வருவோம்.

## எவற்றைக் கொண்டு அளப்பது?

வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, பெட்டியைவிட அதற்கும் வண்டிக்கும் இடையில் வரும் சாமான்கள்தான் பணத்தைத் தின்கின்றன. ஆகவே என் அளவுகோல்கள் இவை.

பொருந்துமா? எஞ்சினின் பின்முகத்துக்கும் பெட்டியின் முன்வாயான பெல் ஹவுசிங்குக்கும் போல்ட் ஓட்டைகள் பொருந்த வேண்டும் என்பது தொடக்கம் மட்டுமே. டோர்க் கன்வேர்ட்டர் (மனுவலில் கிளட்ச் இருக்கும் இடத்தில் நிற்கும் ஒயில் பாத்திரம்), அதைத் தாங்கும் ஃபிளெக்ஸ் பிளேட், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், முன்னும் பின்னும் போகும் புரொபெல்லர் தண்டுகளின் நீளம் எல்லாம் பொருந்த வேண்டும். நாலு சக்கர இழுவை வண்டியானால், முன் டிஃப்ரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே, முன் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துவிடும் ட்ரான்ஸ்ஃபர் கியரின் முன் தண்டு வெளிவர வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கி, வெட்டி ஒட்டப்பட்ட தண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவை எழுபதில் போகும்போது ஆசனமே நடுங்கும்.

யார் கட்டளையிடுவது? மின்னணுப் பெட்டிக்கு மூளை ஈசியு எனும் சிறு கணினி. அது எஞ்சினுக்கு வந்ததா, பெட்டிக்கு வந்ததா, இரண்டுக்கும் பொதுவா?

சூடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டோர்க் கன்வேர்ட்டர் ஒயிலை அடித்துச் சுழற்றியே சக்தியைக் கடத்துகிறது. வண்டி நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் அதில் வழுக்கல் அதிகம். வழுக்கிய சக்தியெல்லாம் சூடாகிறது. தார் வீதியில் சீராக ஓடும்போது லொக்-அப் கிளட்ச் பிடித்து வழுக்கலை நிறுத்திவிடும். ஆனால் நமது கெப்புகள் வாழ்வது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வயல் வீதிகளில், அறுவடை நாளில், முதலாம் இரண்டாம் கியரில். கல்குடாக் கரையில் படகு வண்டியை மணலுக்குள் பின்னால் தள்ளும்போது, சக்கரம் சுற்றாமல் எஞ்சின் மட்டும் இரையும் ஒரு நிமிடமே பெட்டியின் ஒயிலைக் கொதிக்க வைக்கப் போதும். வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடும் ஒவ்வொரு முறையும் ஒயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது இத்துறையில் பழைய கணக்கு.

எஞ்சின் மாற்றிய வண்டிகளுக்கே உரிய கண்ணியும் இங்கேதான் இருக்கிறது. ஓட்டோ வண்டியின் ரேடியேற்றரில், அடித்தொட்டிக்குள் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் ஒரு குழாய் உண்டு. மனுவல் வண்டியின் ரேடியேற்றரில் அது இருக்காது. தம்பியிடம் போய்ப் பார்க்கச் சொன்னேன். “குழாய் மாட்டும் இடமே இல்லை அண்ணன். பெட்டியிலிருந்து வரும் இரண்டு குழாயையும் ஒரு இறப்பர்க் குழாயால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்” என்றார். அதாவது சூடான ஒயில் குளிராமல் அப்படியே திரும்பிப் பெட்டிக்குள் போயிருக்கிறது. அந்தப் பெட்டி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது டொயோட்டாவின் நல்ல மனம். இதைச் சரிசெய்யாமல் புதிதாக எந்தப் பெட்டியைப் போட்டாலும் அதற்கும் அதே கதிதான்.

இங்கே யார் திருத்துவார்? பெரும்போக அறுவடையின் நடுவில் பெட்டி கோளாறானால், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஆள் இருக்கிறாரா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா?

விலையை ரூபாயில் எழுதவில்லை. இன்று எழுதுவது அடுத்த மாதம் பொய்யாகிவிடும். எது எதைவிட அதிகம், எது மறைந்து நிற்கும் செலவு என்பதை மட்டும் சொல்கிறேன்.

## தெரிவு ஒன்று: இருக்கும் பெட்டியைப் பிரித்துச் செய்வது

பொருந்துமா என்ற கேள்வியே இல்லை, ஏற்கெனவே பொருந்தியிருக்கிறது. ஈசியு, வயரிங், தண்டுகள், லீவர் எல்லாம் அப்படியே இருக்கும். ஏ340 குடும்பம் 1980களிலிருந்து எத்தனையோ வண்டிகளில் வந்ததால் கிளட்ச் தட்டு, சீல், கஸ்கட் கொண்ட செட்டுகள் கிடைக்கின்றன. இதைத் தயாரித்த ஐசின் நிறுவனம் இதே வடிவத்தை வேறு கம்பனிகளுக்கும் கொடுத்தது. மிட்சுபிஷியின் சில பஜேரோக்களில் இருப்பதும் இதன் உடன்பிறப்பே.

பிரச்சினை கைகளில்தான். ஓட்டோ பெட்டியின் வால்வ் பொடி, ஒயில் ஓடும் வாய்க்கால்கள் நெளிந்து நெளிந்து போகும் அலுமினியத் தட்டு. அதற்குள் சிறு ஸ்பிரிங்குகளும் உருண்டைகளும் இருக்கின்றன. எந்த உருண்டை எந்தக் குழியில் இருந்தது என்பது மறந்தால் தீர்ந்தது. பழைய சாரத் துணியால் துடைத்து, அதிலிருந்து ஒரு நூல் வால்வுக்குள் சிக்கி, மூன்றாவது கியர் வராமல் போன பெட்டியை நான் கண்டிருக்கிறேன். ஆகவே மெக்கானிக்கிடம் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். பெட்டியை எங்கே வைத்துப் பிரிப்பார் என்று கேளுங்கள். புழுதி பறக்கும் கராஜ் வாசலைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மறைந்த செலவு டோர்க் கன்வேர்ட்டர். கிளட்ச் தட்டுகள் தேய்ந்த தூளும் செதிலும் ஒயிலோடு போய்ப் படிவது அதற்குள்தான். பற்றவைத்து மூடிய பாத்திரம் அது. வெளியே கழுவுவதால் பயனில்லை. வெட்டித் திறந்து சுத்தம் செய்து மீண்டும் பற்றவைத்து நிறை சமன்செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். “பெட்டியை மட்டும் செய்தோம், கன்வேர்ட்டர் நல்லதுதான்” என்று சொல்லப்பட்ட ஓவர்ஹோல் வேலைகள் சில மாதத்தில் திரும்பி வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

பெட்டியின் உடல், பம்ப், கோள் கியர்கள் (பிளானட்டரி) நலமாக இருந்து கிளட்ச் மட்டும் எரிந்திருந்தால் இந்தத் தெரிவு நல்லது. செதில்கள் இரும்புச் செதில்களானால், பெயரிங்கோ கியரோ உடைந்திருக்கிறது என்று பொருள். அப்போது இதில் பணம் போடுவது வீண்.

## தெரிவு இரண்டு: அதே இனத்தில் ரீகண்டிஷன் பெட்டி

ஜப்பானில் கழற்றிய இன்னொரு ஏ343எஃப். வேகமான வழி: பழையதை இறக்கி இதை ஏற்ற, தெரிந்த கையானால் இரண்டு நாள். அறுவடைக்கு முன் வண்டி ஓடியாக வேண்டும் என்பவர்களுக்கு இதன் மதிப்பு விலையில் தெரியாது.

ஆனால் அதன் உள்ளே இருப்பதை விற்பவரும் பார்த்ததில்லை. வெளியே வெள்ளிப் பூச்சு மினுங்குவது உள்ளே கிளட்ச் நலம் என்பதற்குச் சான்றல்ல. உத்தரவாதம் பெரும்பாலும் சில நாள் “பரிசோதனை” அளவில்தான். அந்தச் சில நாளில் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கடைக்குப் பெட்டியைத் திருப்பிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே கடையிலேயே அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.

வாங்கும்போது பெட்டியின் எண்ணைப் பெட்டியிலேயே பாருங்கள். வண்டியின் பொனட்டுக்குக் கீழே இருக்கும் தகட்டைப் பார்த்து “இதற்கேற்ற பெட்டி தாருங்கள்” என்று கேட்காதீர்கள். அந்தத் தகடு பழைய மனுவல் வண்டியின் கதையைச் சொல்கிறது. இந்த எஞ்சின் வந்தது அதற்குத் தெரியாது.

இங்கே ஒரு கண்ணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏ340 குடும்பத்தில் பெல் ஹவுசிங் தனியாகக் கழற்றக்கூடியது. இதனால், “பெற்றோல் சர்ஃப் வண்டியின் பெட்டி மலிவாக இருக்கிறது, பெல் ஹவுசிங்கை மட்டும் மாற்றினால் போதும்” என்று ஓர் ஆலோசனை சுற்றித் திரிகிறது. மாட்டலாம் என்பது உண்மை. ஆனால் பெற்றோல் எஞ்சினின் கன்வேர்ட்டர் அதிகச் சுழற்சியில் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. 1கேஇசட் போன்ற டர்போ டீசல் தன் முழு இழுவையை 2000 சுழற்சியை அண்டியே கொடுக்கிறது. பழைய 3எல்லின் இழுவையோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல். பெற்றோல் கன்வேர்ட்டரை அதோடு சேர்த்தால் எந்நேரமும் வழுக்கி எந்நேரமும் சூடேறும். பெட்டியை அப்படி வாங்கினாலும் கன்வேர்ட்டர் டீசலுடையதாகவே இருக்கட்டும்.

எஞ்சின் மாற்றமே இனித்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், ஹாஃப் கட் (வெட்டி இறக்கிய வண்டியின் முன்பாதி) ஒன்றை முழுதாக எடுப்பது விலை அதிகம்போலத் தெரிந்து கடைசியில் மலிவாக முடியும். எஞ்சின், பெட்டி, ஈசியு, வயரிங், கேபிள், ரேடியேற்றர் எல்லாம் ஒன்றோடொன்று பழகியவை. உதிரியாகச் சேர்ப்பவர் கடைசியில் ஒரு பிராக்கட்டுக்காக மூன்று தடவை கொழும்புக்குப் போவார்.

## தெரிவு மூன்று: ஐந்து கியர் ஏ750எஃப்

எல்லோருக்கும் ஆசை இதில்தான். பிந்திய பிராடோக்களில் 1கேடி என்ற டீசல் எஞ்சினோடு வந்த பெட்டி. நல்ல பெட்டி என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. “ஒரு கியர் கூட இருந்தால் நெடும்பாதையில் எஞ்சின் இரையாது, டீசல் மிச்சம்” என்கிறார்கள். கியர் விகிதங்களைப் பார்ப்போம்.

| கியர் | ஏ340/ஏ343 (4 கியர் ஓட்டோ) | ஏ750எஃப் (5 கியர் ஓட்டோ) | ஆர்150எஃப் (5 கியர் மனுவல்) |
|---|---|---|---|
| முதலாவது | 2.804 | 3.520 | 3.830 |
| இரண்டாவது | 1.531 | 2.042 | 2.062 |
| மூன்றாவது | 1.000 | 1.400 | 1.436 |
| நான்காவது | 0.705 – 0.75 (மாதிரிக்கேற்ப) | 1.000 | 1.000 |
| ஐந்தாவது | – | 0.716 | 0.838 |

ஓட்டோக்களின் கடைசி எண்களைப் பாருங்கள். நான்கு கியர் பெட்டியின் மேல் கியரும் ஐந்து கியர் பெட்டியின் மேல் கியரும் ஏறத்தாழ ஒன்றே. டிஃப்ரன்ஷியல் விகிதம் 4.1, ரயரின் சுற்றளவு 2.4 மீற்றர் என்று வைத்துக்கொண்டு மணிக்கு 70 கிலோமீற்றரில் கணக்குப் போட்டேன்: பழைய பெட்டியில் எஞ்சின் 1400க்கும் 1500க்கும் இடையில் சுற்றும், புதியதில் 1430 அளவில். நெடும்பாதை அமைதிக்காக ஏ750 வாங்குபவர் வாங்குவது இந்த வித்தியாசத்தைத்தான். அதிவேகப் பாதை தவிர்ந்த நமது வீதிகளில் கெப்புக்கு அனுமதித்த உச்ச வேகமே 70 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் உண்மையான நன்மை மறுமுனையில் இருக்கிறது. முதலாம் கியர் 2.804க்குப் பதிலாக 3.520 என்றால், புறப்படும்போது சக்கரத்துக்குக் கால் பங்கு கூடுதல் இழுவை. சுமையோடு வயல் கரையேறும்போதும், மகியங்கனையிலிருந்து கண்டிக்குப் பதினெட்டு வளைவு ஏறும்போதும் அது தெரியும். கன்வேர்ட்டர் வழுக்குவது குறையும், எனவே சூடும் குறையும். நான் இதைக் கேட்டு வாங்குபவரை மதிப்பேன். ஐந்தாவது கியருக்காக வாங்குபவருக்குக் கணக்கைக் காட்டுவேன்.

ஆனால் விலைப்பட்டியலில் இல்லாதவை இதில்தான் அதிகம். 1கேஇசட்டின் ஈசியு இரண்டு கியர் சொலனொயிட்டும் ஒரு லொக்-அப்பும் உள்ள பெட்டிக்குப் பழகியது. ஏ750இல் சொலனொயிட்டுகள் கூடுதல். சில வெறுமனே திறந்து மூடுபவை அல்ல, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைப்பவை. அவற்றுக்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், பின்னர் மடிக்கணினியோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை ட்யூன் செய்ய வேண்டும். அந்த ஒருவர் மட்டக்களப்பில் யார்? பெல் ஹவுசிங், கன்வேர்ட்டர், குறுக்குச் சட்டம், இரண்டு புரொபெல்லர் தண்டு எல்லாமே புதிதாகப் பார்க்க வேண்டியவை.

ஒயில் விடயமும் இருக்கிறது. பழைய பெட்டிக்கு டெக்ஸ்ரன் வகை ஒயில். ஒயில் குச்சியை இழுத்துத் துணியில் துடைத்துப் பார்த்துவிடலாம். ஏ750க்கு டபிள்யூஎஸ் எனும் மெல்லிய ஒயில். பெரும்பாலானவற்றில் குச்சியே கிடையாது. ஒயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள பிளக்கைத் திறந்து, வழிவதைப் பார்த்து மட்டம் சரிசெய்ய வேண்டும். வயல் கரையில் நின்று செய்யக்கூடிய வேலையல்ல.

எஞ்சினையும் 1கேடிக்கு மாற்றி, பெட்டி, ஈசியு, வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுப்பவருக்கு மட்டும் இது சரியான தெரிவு.

## தெரிவு நான்கு: மனுவலுக்கே திரும்புவது

ஓட்டோ பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். தம்பியின் வண்டி பிறப்பால் மனுவல். கிளட்ச் பெடலின் ஓட்டையும் மாஸ்டர் சிலிண்டரின் இடமும் இன்னும் இருக்கின்றன. ஆர்150எஃப் பெட்டியை இங்கே எந்த நல்ல மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். சூடு என்ற பேச்சே இல்லை. மறைந்த செலவு ஃபிளைவீல், கிளட்ச் செட், ஹைட்ரோலிக் குழாய்கள் ஆகியவை. ஓட்டோவுக்குப் பழகிய ஈசியு, பெட்டியைக் காணவில்லை என்று தொடர்ந்து கோளாறு விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும் தொல்லையும் உண்டு.

மனுவலின் முதலாம் கியர் 3.830, ஓட்டோவினுடையது 2.804, ஆகவே மனுவல்தான் அதிகம் இழுக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வண்டி நிற்கும் நிலையில் கன்வேர்ட்டர் எஞ்சினின் இழுவையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. சேற்றில் புறப்படும் முதல் கணத்தில் ஓட்டோவே மேல். அதற்கு அது கொடுக்கும் விலைதான் சூடு.

வெள்ளக் காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் வண்டி இறக்குபவர்கள் மனுவலையே யோசிக்கலாம். ஓட்டோ பெட்டியின் மூச்சுக்குழாய் வழியே உள்ளே போகும் தண்ணீர், கிளட்ச் தட்டின் பசையை இளக்கி மேற்பூச்சை உரித்துவிடும். மனுவலில் தண்ணீர் புகுந்தால் ஒயிலை மாற்றிவிட்டுப் போகலாம். ஓட்டோதான் வேண்டுமென்றால் மூச்சுக்குழாயை ஒரு நீண்ட குழாயால் பொனட் உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு போத்தல் சோடாவின் விலைதான்.

அப்பாவின் முழங்காலால் தம்பிக்கு இந்தத் தெரிவு அடைபட்டுவிட்டது. தனியாக ஓட்டும் இளைஞர்கள் வெட்கப்படாமல் யோசியுங்கள்.

## ஆக, யாருக்கு எது?

கிளட்ச் மட்டும் எரிந்திருக்கிறது, தெரிந்த நல்ல கை இருக்கிறது, ஒரு மாதம் வண்டி நிற்கலாம் என்றால் பிரித்துச் செய்யுங்கள், கன்வேர்ட்டரையும் சேர்த்து. இரும்புச் செதில், அவசரம், கை தெரியாது என்றால் அதே இனத்து ரீகண்டிஷன் பெட்டி. மலைக்கும் கரைக்குமாகத் தொடர்ந்து சுமை இழுத்து, முழு எஞ்சின் செட்டையே மாற்றும் பணமும் இருந்தால் ஏ750. நடுவில் நின்று, 1கேஇசட்டுக்கு ஏ750 மட்டும் மாட்டும் வேலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதைச் செய்து நன்றாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாங்களே மெக்கானிக்குகள்.

பத்திரம் சார்ந்த ஒன்று: பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் இருக்கின்றன. எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் வைத்திருப்பவர்கள், கியர்பெட்டிக்குச் செலவழிப்பதற்கு முன் அதை முடியுங்கள். விற்கும் நாளில் வாங்க வருபவர் கேட்பது அதைத்தான்.

தம்பி இரண்டாவது தெரிவுக்குப் போனார். பெட்டி வருவதற்கு முன்பே ஓட்டோ வண்டியின் ரேடியேற்றரும், அதற்கு முன்னால் மாட்டும் தனி ஒயில் குளிர்விப்பானும் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தேன், வாங்கினார். பெட்டியை ஏற்றிய அன்று நானும் போனேன். கன்வேர்ட்டரைப் பெட்டியின் தண்டில் செருகி, கையால் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளினார்கள். “டொக்” என்று இரண்டு தடவை இறங்கியது, “சரி, ஏற்றுவோம்” என்றார் மெக்கானிக். பெல் ஹவுசிங்கின் வாயில் ஒரு நேர் இரும்புச் சட்டத்தை வைத்து, கன்வேர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளக்கச் சொன்னேன். பழையதைக் கழற்றும்போது குறித்து வைத்த அளவைவிட ஒரு விரல் தடிப்பு வெளியே நின்றது. பம்பின் பற்களில் இன்னும் அமரவில்லை. அப்படியே போல்ட்டை இறுக்கியிருந்தால், எஞ்சினை முடுக்குவதற்கு முன்னமே பம்ப் உடைந்திருக்கும். மீண்டும் சுழற்றினார்கள். மூன்றாவது “டொக்” கேட்டது.

கிக்டவுன் கேபிளைக் கடைசியாகப் பார்த்தோம். பெயர் அப்படி இருந்தாலும், அக்சிலரேட்டரோடு இழுபட்டுப் பெட்டிக்குள் ஒயில் அழுத்தத்தைக் கூட்டுவதே அதன் முதல் வேலை. தொய்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் எரியும். எஞ்சின் மாற்றியவர்கள் அதைத் தகரத்தில் வெட்டிய ஒரு பிராக்கட்டில் மாட்டியிருந்தார்கள். பெடலை முழுதாக மிதித்தாலும் கேபிள் பாதிதான் இழுபட்டது. பழைய பெட்டியைக் கொன்றதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். பிராக்கட்டை மாற்றி, ஒயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் பியில் (P) நிறுத்தி, குச்சியைப் பார்த்தோம். மண்முனைப் பாலம் வரை ஓட்டித் திரும்பி, சூட்டோடு மீண்டும் பார்த்தோம். அரை லீற்றர் கேட்டது. ஊற்றியதும் அப்பா சாவியை வாங்கிக்கொண்டார்.